எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் பாதத்தை ஊன்ற முடியவில்லை

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: படியிறங்கும்போது கடைசிப் படியைக் கவனிக்காமல் கால் வைத்து, முன்பாதம் மடங்கி விழுந்திருக்கிறீர்கள். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, சுளுக்குதான் என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். 12 நாளாகியும் செருப்புப் போட முடியாத வீக்கம், உள்ளங்காலின் நடுவில் நீலம் பாரித்த திட்டு, எட்டு வைத்தால் பாதத்தின் நடுவே சுரீரென்று வலி. சுளுக்கு ஆற இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறீர்கள். நாள் கணக்குக்குப் போகும் முன், அது சுளுக்குதானா என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நடுப்பாத மூட்டுக் காயம். மருத்துவர்கள் லிஸ்ஃப்ராங்க் காயம் என்பார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்ல முடியாது. அது இல்லை என்று சொல்லத் தேவையான பரிசோதனை இன்னும் நடக்கவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஜாக் லிஸ்ஃப்ராங்க் ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர். அவர் விவரித்தது இந்தக் காயத்தை அல்ல, இந்த மூட்டு வரிசை வழியாக முன்பாதத்தைத் துண்டிக்கும் முறையை; பெயர் மட்டும் காயத்துக்கும் ஒட்டிக்கொண்டது. விரல்களுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து நீண்ட எலும்புகள் (மெட்டாடார்சல்) பாதத்தின் நடுவில் உள்ள நான்கு சிறிய எலும்புகளோடு சேரும் இடம்தான் அந்த வரிசை. அந்த நான்கில் மூன்று ஆப்பு வடிவ கியூனிபார்ம், ஒன்று கியூபாய்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் கல்வளைவு போல இருக்கும். இரண்டாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதி மற்றவற்றைவிடச் சற்றுப் பின்தள்ளி, உள், வெளி கியூனிபார்ம்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் செருகி உட்கார்ந்திருக்கிறது. வளைவின் உச்சிக்கல் அதுதான். இதில் இயற்கை வைத்த ஒரு பலவீனம் உண்டு. இரண்டாவது முதல் ஐந்தாவது வரை மெட்டாடார்சல்களின் அடிப்பகுதிகள் பக்கத்துப் பக்கமாக ஜவ்வால் கட்டப்பட்டிருக்கின்றன. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே மட்டும் அப்படி ஒரு கட்டு இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்வது உள் கியூனிபார்மிலிருந்து இரண்டாவது மெட்டாடார்சலின் அடிக்குச் சாய்வாக ஓடும் தடித்த ஜவ்வு, அதாவது லிஸ்ஃப்ராங்க் ஜவ்வு. அது அறுந்தால் உச்சிக்கல் ஆடத் தொடங்கும். மேல்புற ஜவ்வுகள் மெலிந்தவை என்பதால் எலும்பு நகர்ந்தால் பெரும்பாலும் மேல்நோக்கியும் வெளிப்பக்கமாகவும்தான் நகரும்.

காயம் இரண்டு வழியில் வரும். பாரமான பொருள் பாதத்தின் மேல் விழுவதும், சக்கரம் ஏறுவதும் நேரடி வகை. இதில் எலும்போடு தோலும் தசையும் நசுங்கும். மற்றது மறைமுக வகை: குதிகால் தூக்கி, விரல் நுனிகள் தரையில் பதிந்து நிற்கையில் உடலின் எடை பாதத்தின் நீளவாக்கில் இறங்குவது. விளையாட்டில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது அவர் குதிகால் மேல் இன்னொருவர் விழுவதும், பிரேக் மிதித்த காலோடு வண்டி மோதுவதும், படி தவறுவதும் எல்லாம் இந்த வகைதான். பலத்த விபத்தில் பாதம் உருக்குலைந்திருப்பதால் இது பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். படியில் தவறிய கால்தான் ஏமாற்றும். முதல் தடவை பார்க்கும்போது ஐந்தில் ஒன்று தவறிப்போகிறது என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களைத்தான்.

பரிசோதனையில் அதிக மதிப்புள்ள அடையாளம் உள்ளங்காலின் நடுவில் தோன்றும் ரத்தக்கட்டு. சாதாரணக் கணுக்கால் சுளுக்கில் நீலம் கணுவுக்குக் கீழே பக்கவாட்டில் படரும், குதிகாலை நோக்கி வடியும். உள்ளங்கால் நடுவில் தெரிந்தால் ஆழத்தில் உள்ள வலுவான ஜவ்வோ எலும்போ கிழிந்து ரத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தத் திட்டு இல்லாததால் காயம் இல்லை என்று ஆகாது; இருந்தால் வேறொன்று நிரூபணமாகும் வரை நடுப்பாதக் காயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது தொட்டுப் பார்ப்பது. கணுவை விட்டுவிட்டு, பாதத்தின் மேல்புறத்தில் ஒவ்வொரு மெட்டாடார்சலின் அடியையும் ஒரே விரலால் தனித்தனியாக அழுத்த வேண்டும். பின்பாதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினால் நடுவில் வலிக்கிறதா, பியானோ கட்டை போல ஒவ்வொரு மெட்டாடார்சலின் தலையையும் மேலும் கீழும் அசைத்தால் அடியில் வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நிற்க முடியாததும் ஒரு குறிப்பு. வீக்கம் அதிகமாக இருக்கும்போது இந்த அசைவுச் சோதனைகளை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பாதி அறுந்த ஜவ்வை முழுதாக அறுத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. பாதத்தை இழுத்து உருவவும் யாரையும் விடாதீர்கள்.

இனி அந்த எக்ஸ்ரே. படுத்த நிலையிலோ உட்கார்ந்தோ எடுத்த படத்தில் பாதத்தின் மேல் சுமை இல்லை. ஜவ்வு அறுந்திருந்தாலும், சுமை இல்லாதபோது எலும்புகள் தங்கள் இடத்துக்குத் திரும்பி ஒழுங்காக உட்கார்ந்துவிடும். படம் நன்றாக இருக்கும், பாதம் நன்றாக இருக்காது. இன்னொரு ஓட்டையும் உண்டு. அவசரப் பிரிவுகளில் பாதத்துக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்யப் பயன்படும் ஒட்டாவா விதி, கணுவுக்குச் சற்று முன்னால் உள்பக்கம் இருக்கும் நேவிகுலர் எலும்பிலும் ஐந்தாவது மெட்டாடார்சலின் அடியிலும் வலி இருக்கிறதா, நான்கு அடி எடுத்து வைத்து நடக்க முடிகிறதா என்றுதான் கேட்கிறது. இரண்டாவது மெட்டாடார்சலின் அடி அந்தக் கேள்விப் பட்டியலில் இல்லை. ஆகவே நீங்கள் கேட்டு எடுக்க வேண்டியது, இரண்டு பாதங்களிலும் எடையை ஊன்றி நின்றபடி எடுக்கும் ஒப்பீட்டு எக்ஸ்ரே. மேலிருந்து ஒன்று, 30 டிகிரி சாய்த்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நல்ல காலையும் சேர்த்து எடுப்பது வீண் செலவில்லை. சிலருக்கு இயல்பிலேயே அந்த இடைவெளி கொஞ்சம் அதிகம் இருக்கும், அதை வேறு எப்படியும் அறிய முடியாது.

படத்தை வாசிப்பதில் மூன்று கோடுகள் முக்கியம். மேலிருந்து எடுத்ததில் இரண்டாவது மெட்டாடார்சலின் உள்விளிம்பும் நடு கியூனிபார்மின் உள்விளிம்பும் ஒரே நேர்க்கோட்டில் ஓட வேண்டும். சாய்த்து எடுத்ததில் நான்காவதின் உள்விளிம்பு கியூபாய்டின் உள்விளிம்போடு சேர வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் மெட்டாடார்சலின் மேல்விளிம்பு கியூனிபார்மைவிட எகிறி, ஒரு சிறு படி போல நிற்கக் கூடாது. முதல், இரண்டாவது எலும்புகளின் அடிகளுக்கு இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும், மறுகாலைவிடத் தெளிவாக அகன்றிருந்தாலும், அது இயல்பல்ல. அந்த இடைவெளியில் அரிசி முனை அளவு எலும்புத் துணுக்கு தெரிந்தால் விவாதமே வேண்டாம்: ஜவ்வு எலும்பைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். இறந்தவர்களின் பாதங்களில் அளந்து பார்த்ததில், இரண்டாவது மெட்டாடார்சல் 1 மி.மீ. நகர்ந்தால் மூட்டின் தொடுபரப்பு சுமார் 13 விழுக்காடும், 2 மி.மீ. நகர்ந்தால் சுமார் 25 விழுக்காடும் குறைகிறது. அதே உடல் எடை குறைந்த பரப்பில் இறங்கும், குருத்தெலும்பு தேயும்.

காயம் பட்ட அன்று பலராலும் ஊன்றி நிற்க முடியாது. அதற்காக வலியில் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று எடுத்த படத்தை ஊன்றி எடுத்த படம் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. அது பொய்யான நிம்மதி தரும். ஊன்ற முடியாவிட்டால் காலுக்குப் பாதுகாப்புக் கட்டுப் போட்டு, எடை போடாமல் வைத்திருந்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுப்பதே முறை. நீங்கள் இப்போது சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். சி.டி. ஸ்கேன் நுண்ணிய முறிவுகளையும் சிறு நகர்வையும் மிகத் தெளிவாகக் காட்டும், அறுவை சிகிச்சைக்குத் திட்டமிட அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதுவும் படுத்தபடி எடுப்பதுதான், வெறும் ஜவ்வுக் காயத்தில் அதே எக்ஸ்ரேயின் குறை அதற்கும் உண்டு. நின்றபடி எடுக்கும் சி.டி. கருவி கிடைக்கும் இடத்தில் அது மேல். எம்.ஆர்.ஐ. ஜவ்வை நேரடியாகக் காட்டும். உள்ளங்கால் பக்கத்துப் பட்டை முழுதாக இருந்தால் மூட்டு பெரும்பாலும் உறுதியாக இருக்கும். பாதி கிழிந்ததாகத் தெரியும் இடத்தில்தான் தடுமாற்றம். அப்போது கிழிசலின் அளவைவிட, சுமை ஏறும்போது எலும்பு நகர்கிறதா என்பதே தீர்மானிக்கும். சந்தேகம் தீராதபோது மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே திரையின் கீழ் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும் உண்டு.

காத்திருக்கவே கூடாத நிலைகளையும் சொல்லிவிடுகிறேன். பாதம் பாறை போல இறுகி, மாத்திரைக்கும் கட்டுப்படாமல் வலி ஏறிக்கொண்டே போய், விரலை மெல்ல அசைத்தாலே தாங்க முடியாமல் இருந்தால், அது தசை அறைகளுக்குள் அழுத்தம் ஏறும் நிலை. சில மணி நேரத்தில் தசையும் நரம்பும் செத்துவிடும். உடனே மருத்துவமனை போக வேண்டும், கட்டைத் தளர்த்திவிட்டே கிளம்ப வேண்டும். விரல்கள் வெளுத்துச் சில்லிடுவது, தோல் உள்ளிருந்து எலும்பால் கூடாரம் போல நீட்டப்பட்டு வெள்ளையாவது, திறந்த காயம் ஆகியவையும் அதே அவசரம்தான். சர்க்கரை நோய் நெடுநாள் உள்ளவர்களுக்கு மட்டும் தனி எச்சரிக்கை: பெரிய அடி எதுவும் இல்லாமலே பாதம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலி மட்டும் குறைவாக இருந்தால் அது சார்கோ பாதமாக, அதாவது உணர்வு மங்கிய பாதத்தில் எலும்பும் மூட்டும் சிதையும் நிலையாக, இருக்கலாம். அதன் சிகிச்சைப் பாதையே வேறு. கீழே சொல்லும் கால அளவுகள் அதற்குப் பொருந்தா.

ஊன்றி எடுத்த படத்தில் எலும்புகள் நகரவில்லை என்றால் அறுவை வேண்டியதில்லை. மாவுக்கட்டோ, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் விறைப்பான பூட்ஸோ போட்டு, 6 வாரம் ஊன்றுகோலோடு இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை ஊன்றிய படம் மீண்டும் எடுக்க வேண்டும், ஏனென்றால் முதல் நாளில் உறுதியாகத் தெரிந்தது பிறகு விலகுவதுண்டு. 6 வாரத்துக்குப் பின் அழுத்தினால் வலி இல்லையென்றால் பூட்ஸோடு எடையை ஏற்றிக்கொண்டே போகலாம். பிறகு வளைவைத் தாங்கும் உள்பட்டையும் விறைத்த அடியும் உள்ள ஷூ. ஓட்டமும் விளையாட்டும் பொதுவாக 4 முதல் 6 மாதம். கிரேப் பேண்டேஜ் இந்தச் சிகிச்சையில் கணக்கே இல்லை. அது வீக்கத்தைக் கொஞ்சம் பிடிக்கும், மூட்டைப் பிடிக்காது.

நகர்ந்திருந்தால் அறுவைதான், இதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மாவுக்கட்டால் அந்த எலும்பை அதன் இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது. வீக்கம் வடிந்ததும் கட்டுக்குள்ளேயே விலகிவிடும். அவசரம் இல்லாதபோது வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரியும் வரை, வழக்கமாக 7 முதல் 14 நாள், காத்திருப்பார்கள். வீங்கிய பாதத்தைக் கீறினால் தையல் மூடாது, தோல் கருகும், கிருமி புகும். "ஏன் இழுத்தடிக்கிறார்கள்" என்று வீட்டார் கோபப்படும் நாட்கள் இவைதான். அந்த நாட்களில் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைப்பதே உண்மையான சிகிச்சை. எலும்பு முழுதாக விலகித் தோலை அழுத்தினால் மட்டும் அன்றே இழுத்து நேராக்கித் தற்காலிகக் கம்பி போடுவார்கள்.

அறுவையில் வரிசை முக்கியம். பாதத்தின் மேல்புறம் நீளவாக்கில் ஒன்றோ இரண்டோ கீறல். அங்கேதான் பாதத்தின் முக்கிய நாடியும் அதோடு ஓடும் நரம்பும் இருக்கின்றன, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பிறகு மரத்துப்போனால் காரணம் அந்த நரம்புதான். மூட்டுக்குள் சிக்கிய துணுக்குகளையும் கிழிந்த ஜவ்வையும் எடுத்துவிட்டு, உள்பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். கியூனிபார்ம்கள் தங்களுக்குள்ளேயே ஆடுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மேலே கட்டினால் அஸ்திவாரம் ஆடும் வீட்டுக்குச் சுவர் எழுப்பியதுபோல. அடுத்து முதல் மூட்டு, பிறகு இரண்டாவது மெட்டாடார்சலைப் பள்ளத்தில் இருத்திக் கவ்வியால் இறுக்கி, உள் கியூனிபார்மிலிருந்து அதற்குள் அறுந்த ஜவ்வின் திசையிலேயே 3.5 மி.மீ. ஸ்குரூ. பின் மூன்றாவது. நான்காவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் தாமாகவே இடத்துக்கு வந்துவிடும். அவை இயல்பாக அசைய வேண்டிய மூட்டுகள் என்பதால் ஸ்குரூ போடாமல் கம்பி மட்டும் போட்டு, 6 வாரத்தில் உருவி எடுப்பார்கள். மூட்டின் நடுவே ஸ்குரூ துளைப்பது குருத்தெலும்பைக் கெடுக்கிறது என்று, மூட்டைத் தாண்டி மேலே பாலம் போல் பிளேட் வைப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த உலோகம் என்பதைவிட எலும்பு மில்லிமீட்டர் சுத்தமாக இடத்தில் உட்கார்ந்ததா என்பதே பின்னாளைய வலியைத் தீர்மானிக்கிறது. இது மட்டும் ஆய்வுக்கு ஆய்வு மாறாமல் வரும் முடிவு.

மாறுவது வேறொன்று: மூட்டைப் பொருத்தி வைப்பதா, அல்லது குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு எலும்பும் எலும்பும் ஒன்றாகப் பிணைய வைப்பதா. 2006இல் வெளியான ஒரு ஆய்வில், ஜவ்வு மட்டும் அறுந்த 41 பேரில் பிணைப்பு செய்துகொண்டவர்கள் மேலான நிலையில் இருந்தார்கள். 2009இல் வந்த இன்னொன்றில் நடையிலும் வலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்குரூ எடுக்க இரண்டாம் அறுவை தேவைப்படாதது மட்டுமே லாபம். இரண்டிலும் ஆட்கள் குறைவு. என் சாய்வு இது: எலும்பு முறிவோடு வந்தால் பொருத்தலாம், எலும்பு ஒட்டும். ஜவ்வு மட்டும் முழுதாக அறுந்திருந்தால், குருத்தெலும்பு நசுங்கியிருந்தால், அல்லது காயம் பட்டுப் பல மாதம் கழிந்திருந்தால், முதல் மூன்று மூட்டுகளைப் பிணைப்பது நல்லது. அவை இயல்பிலேயே அதிகம் அசையாதவை, இழப்பு சிறிது. நான்காவது, ஐந்தாவது மூட்டுகளைப் பிணைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். மேடுபள்ளத்துக்கு ஏற்பப் பாதம் வளைவது அந்தப் பக்கத்தில்தான்.

அறுவைக்குப் பின் 6 முதல் 8 வாரம் காலில் எடை கூடாது. 10 முதல் 12 வாரம் வரை பூட்ஸ். பொருத்தி வைத்த ஸ்குரூவை எடுப்பதானால் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள். அதற்கு முன் எடுத்தால் ஜவ்வு இறுகியிருக்காது, விட்டுவைத்தால் அசைவில் ஸ்குரூ ஒடியலாம். ஒடிந்த துண்டு வலி தராவிட்டால் அதைத் தோண்டுவதால் நன்மை இல்லை. பிணைப்பு செய்துகொண்டவர்கள் புகைபிடித்தால் எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு கூடும், இதில் பேரமே இல்லை. எடை போடாத வாரங்களில் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். பிரேக் மிதிக்கும் கால் என்றால், முழு எடை போட்டு நடக்கத் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் வண்டி ஓட்டக் கூடாது. மாலையானால் வீக்கம் வருவது ஒரு வருடம் வரை நீடிக்கலாம். அது மட்டும் தோல்வியின் அடையாளமில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு மூட்டுத் தேய்மானம் வரும் என்பதையும் மறைக்கக் கூடாது, அடிபட்ட நொடியிலேயே குருத்தெலும்பு நசுங்கியிருந்தால் எந்த ஸ்குரூவும் அதைத் திருப்பித் தராது.

உங்கள் வலி வேறிடத்திலிருந்தும் வரலாம். கணுவுக்குச் சற்று முன்னால், உள்பக்கம் வலித்தால் நேவிகுலர். வெளிப்பக்கம் என்றால், முன்பாதம் வெளியே மடங்கியபோது கொட்டைப்பாக்குப் போல நசுங்கிய கியூபாய்டு. இவை லிஸ்ஃப்ராங்க் வரிசைக்குப் பின்னால் உள்ள சோபார் மூட்டு வரிசையில் வருபவை, இவையும் முதல் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்பவை. பாதத்தின் வெளிவிளிம்பில் ஐந்தாவதின் அடியில் மட்டும் வலி என்றால் ஒப்பீட்டளவில் நல்ல செய்தி. அதில் பெரும்பாலானவை கட்டிலேயே ஆறிவிடும்.

ஆக, இன்று செய்ய வேண்டியது: அந்தக் காலில் எடை போடுவதை இப்போதே நிறுத்துங்கள், ஊன்றுகோல் வாங்குங்கள், இந்த வாரத்துக்குள் பாதத்தில் தேர்ச்சி உள்ள எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பழைய எக்ஸ்ரேயையும் உள்ளங்கால் நீலத்தின் புகைப்படத்தையும் தேதியோடு கொண்டுபோங்கள். நீலம் சில நாளில் மறைந்துவிடும். அங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இரண்டு காலையும் ஊன்றி நின்று எடுத்த படத்தில் இரண்டாவது மெட்டாடார்சல் அதன் இடத்தில் இருக்கிறதா?" இருக்கிறது என்றால் 6 வாரக் கணக்கு உங்களுக்கு. இல்லையென்றால் முதல் சில வாரங்களுக்குள் சரிசெய்வது, தழும்பு இறுகிய பிறகு சரிசெய்வதைவிட எளிது. 12 நாள் என்பது இன்னும் அந்த எல்லைக்குள்தான்.